பதினெட்டு மணி அலாரம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது மாடியில் முரண்டு பிடித்த லிஃப்டை மதியத்துக்குள் ஓட வைத்துவிட்டேன். நல்ல நாள்தான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். என்ன தோன்றியதோ, வாலுவின் அறைக்குள் போனேன். மகள் போய் ஏழு மாதம். உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனைவி யாரையும் சுவிட்சைத் தொட விடவில்லை. (இந்த நோட்டில் ‘இவள்’ என்றால் மனைவி.) உள்ளே இருக்கும் ஃபேன் தூசி அடைத்துப்போய் இரைகிறது. திரையில் அந்தக் கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு, வாலு நிறுத்தி வைத்த இடத்திலேயே.

ஒரு பட்டனை அழுத்தினேன். அங்கே பொழுது நகர ஆரம்பித்தது. மரம் வெட்டப் போனேன். இருட்டியதும் பூதங்கள் வந்து அடித்தே கொன்றுவிட்டன. “ஐயோ!” என்று வாய்விட்டே கத்தினேன். ஐம்பது வயது ஆம்பளை.

மார்ச் 5, புதன்

தூக்கம் சரியில்லை. எழுதி வைக்கிறேன்.

அந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்கு இருபது நிமிடம். ஆட்டத்தை நிறுத்தினால் அங்கே பொழுதும் நின்றுவிடும். பதினெட்டு மணிக்கு இருட்டு. அவளோடு ஆடும்போதெல்லாம் இருட்டில் நான் வெளியே மாட்டிக்கொள்வது வழக்கம் என்பதால், வாலு அங்கே ஒரு கம்ப்யூட்டர் கட்டினாள். ஆம், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். அதில் மணியைச் சொல்லி அலாரம் வைத்தால், நேரம் வந்ததும் ஓசை எழும், திரையில் ஒரு வரி ஓடும்: “பொழுது சாயுது. உள்ள வா, மக்கு அப்பா.”

ஒரு தடவை வைத்தால் ஒரு தடவைதான் அடிக்கும். மறுநாள் மறுபடி வைக்க வேண்டும். அப்போதே அவளிடம் கேட்டேன்:

“அதுவே திரும்ப வெச்சுக்கிற மாதிரி எழுதக் கூடாதாடி?”

“எழுதலாம்ப்பா. ஆனா தெனம் உன்னைத் திட்டிக்கிட்டே வெக்கிறதுல ஒரு சுகம் இருக்கே.”

இப்போது வைக்க ஆள் இல்லை.

மார்ச் 6, வியாழன்

வாலு எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து நானே அலாரம் வைத்தேன். எத்தனை மணி என்று கேட்டது. சாயங்காலம் ஆறுதானே என்று 6 அடித்தேன். அந்த ஊர்க் கடிகாரம் இருபத்துநாலு வரை போகும் என்பது மண்டையில் ஏறவில்லை. வழக்கம்போலச் செத்தேன்; செத்தால் அங்கே கட்டிலருகே மறுபடி எழுந்துகொள்ளலாம். விடிந்த பிறகு அலாரம் அடித்தது. வெளிச்சம் பளீரென்று இருக்கிறது, திரையில் “பொழுது சாயுது” என்று ஓடுகிறது.

முப்பது மாடிக்கு லிஃப்ட் ஓட்டிவிடுபவனுக்குப் பதினெட்டு தெரியவில்லை.

மார்ச் 8, சனி

இன்றும் செத்தேன். 18 என்று அடித்துவிட்டு, கடைசியில் தட்ட வேண்டிய பட்டனைத் தட்டவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கோழிக் கிறுக்கல் மாதிரி எழுத்து.

வேலை முடிந்து வந்ததும் ஒரு ‘நாள்’ மட்டும் ஆடுவது, அங்கே விடிந்ததும் நிறுத்துவது — இதுதான் என் கணக்கு. இன்று அலாரம் வைக்கவில்லை. மறந்துவிட்டேன். மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது! பொழுது சாயுது. உள்ள வா, மக்கு அப்பா.

ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அங்கே நான் சாகவில்லை.

சாப்பிடும்போது இவள் கேட்டாள்: “ஏன் மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல. வேலை.”

அவ்வளவுதான். இப்போதெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

நேற்றும் அடித்தது. இன்றும் அடித்தது. நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை.

இன்னொன்று. நேற்று என் உருவத்தைக் கட்டிலருகே நிற்கவிட்டு நிறுத்தினேன். இன்று திறந்தால் அது அலாரக் கம்ப்யூட்டருக்கு நேரே நிற்கிறது.

வேலையில் கிரீஸிடம் சொன்னேன். முகமெல்லாம் கறையோடு திரிவதால் அவனுக்கு அந்தப் பேர். “அண்ணே, ஆவிங்க பயமுறுத்தும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். உங்களைக் காப்பாத்துற அளவுக்கு அதுங்களுக்கு வேலவெட்டி இல்லையா?” என்று சிரித்தான். பிறகு நான் சொல்வது யாரைப் பற்றி என்று புரிந்து, நாள் முழுக்க என் கண்ணைப் பார்க்கவில்லை.

வாலு, நீயா?

மார்ச் 16, ஞாயிறு

அங்கே மரப்பலகை நட்டு அதில் எழுதலாம். அலாரக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒன்று நட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதியது இவ்வளவுதான்:

“அன்னைக்கு போன் எடுக்கல. மன்னிச்சிடு. அப்பா.”

அன்றைக்கு நான் லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். போன் மேலே, பையில். ஏறி வந்து பார்த்தபோது பதினொரு மிஸ்டு கால். வயிற்று வலி என்று பள்ளியில் சுருண்டு விழுந்திருக்கிறாள். வண்டியோடு நான் போய்ச் சேர்ந்தபோது... ஆஸ்பத்திரியில், குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள்.

இவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. கேட்காமல் தட்டில் சோறு போடுகிறாளே, அதுதான்.

மார்ச் 17, திங்கள்

அலாரம் அடித்தது. பலகைக்குப் பதில் இல்லை. கோபமா?

மார்ச் 20, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரலை லிஃப்ட் கதவு நசுக்கிவிட்டது. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் “கதவில் கை வைக்காதீர்கள்” என்று ஸ்டிக்கர் ஒட்டியவன். கட்டுப் போட்டு, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செருப்பைக் கழற்றும்போதே வாலுவின் அறையில் கீபோர்டு சத்தம். டக். நெடிய மௌனம். டக். வாலு அடித்தால் மழை மாதிரி கொட்டும். இது அப்படி இல்லை.

இவள். மூக்குக்கண்ணாடியோடு, வாலுவின் நோட்டை மடியில் விரித்து, ஒற்றை விரலால் 1. பிறகு 8.

திரும்பிப் பார்த்தாள். என் கைக்கட்டைப் பார்த்துப் பதறினாள். பிறகு உட்கார்ந்தபடியே சொன்னாள்:

“நீங்க சாகுறப்ப எல்லாம் ‘ஐயோ’ன்னு கத்துறீங்க. அடுப்படிக்குக் கேக்குது. என்னால முடியலங்க. இந்த வீட்ல இன்னொரு தடவ அந்தச் சத்தம் வேண்டாம்னுதான்.”

பலகையைப் படித்தாயா என்று கேட்கத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

“காலையிலயே வலிக்குதுன்னா. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா, போடின்னு அனுப்பினது நான். உங்களுக்கு எழுதி வெக்க ஒரு பலகை இருக்கு. நான் யாருகிட்டங்க சொல்றது?”

இது எனக்குத் தெரியாது. ஏழு மாதமாகத் தெரியாது. நான் என் குழியிலேயே நின்றிருக்கிறேன். இவள் பக்கத்துக் குழியில் நின்றதைப் பார்க்கவில்லை.

அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாலு வாலு என்று இரண்டு பேரும் அழுதோம்.

அலாரம் அடித்தது. யாரும் எழவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஃபேன் ஒரேயடியாக நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை இவளே கழற்றினாள். நான் சுமந்தேன். ரிப்பேர் கடைக்காரர் மூடியைத் திறந்து தூசியை ஊதினார்.

“ரொம்ப அடைச்சிருக்கே. யாரு யூஸ் பண்றது, பொண்ணா பையனா?”

நான் மேலே சுவரைப் பார்த்தேன்.

“எங்க பொண்ணோடது,” என்றாள் இவள். “அவ இறந்துட்டா. இப்ப நாங்க ரெண்டு பேரும் ஆடுறோம்.”

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்லாத வார்த்தை. முன்பின் தெரியாத ஆளிடம், பிசிறில்லாமல் சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் வாலுவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மூன்று வயதில் மூக்குக்குள் பட்டாணி போட்டுக்கொண்டது. எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது மாதிரி கேட்டுக்கொண்டே, வழக்கமான தெருவை விட்டுச் சுற்றுவழியில் அழைத்து வந்தேன்.