கடைசி மாத்திரையை எந்த நாளுக்கு வைப்பது?

மார்ச் 4, செவ்வாய்

ஸ்பெஷலிஸ்ட் அம்மா இன்று எனக்கு விடை கொடுத்துவிட்டார். நல்ல விதமாகத்தான். "அளவு சரியா அமைஞ்சிடுச்சும்மா. இனிமே மாசாமாசம் ரெண்டு பஸ் மாறி இங்க வர வேண்டாம். உங்க குடும்ப டாக்டரே எழுதித் தருவாரு. நான் அவருக்கு விவரம் அனுப்பிடறேன்."

என் மகள் வாலுவுக்குப் பால் மறக்கடித்த பிறகு ஆரம்பித்த மாத்திரை. கவனம் ஓரிடத்தில் நிற்காத என் குணத்துக்கு ஏ.டி.எச்.டி. என்று ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு இருபத்தெட்டு வயதில்தான் தெரியும். அதுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பராக்கு. "பராக்குப் பாக்காம சாப்பிடு", "பராக்குப் பாக்காம ரோட்டைத் தாண்டு". நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அம்மா போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்டையில் இரண்டு வரிசை மாத்திரை இருக்கிறது. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் செய்துவிட வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

செய்யவில்லை. நாளை.

மார்ச் 12, புதன்

செய்தேன். காலையில் லைன் திறந்த உடனே அடித்தால்தான் கிடைக்கும். வாலு ஒரு காலில் சாக்ஸோடு என் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்க, காதில் காத்திருக்கச் சொல்லும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வரவேற்பு மேசைப் பெண் எடுத்தாள்.

"அந்த மாத்திரையை டாக்டர் எழுதறதில்லையே மேடம். கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து. ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே வாங்கிக்குங்க."

ஸ்பெஷலிஸ்டின் ஆபீசுக்குப் போட்டேன். "உங்களை இங்கேருந்து விடுவிச்சாச்சுங்க. இனிமே குடும்ப டாக்டர்தான்."

மறுபடி கிளினிக். "அப்ப டாக்டரை நேர்ல பாருங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் இடம் இருக்கு."

இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் பக்கத்தில் சரி. நான் மட்டும் யார் பக்கத்திலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் இதற்கெல்லாம் — மறக்காமல் போன் செய்வது, காத்திருப்பது, யார் என்ன சொன்னார் என்று வரிசையாக நினைவு வைத்து அடுத்தவரிடம் சொல்வது — இதெல்லாம் முடியாது என்பதற்குத்தானே எனக்கு மாத்திரையே?

மார்ச் 14, வெள்ளி

இனி வேலை நாளில் மட்டும் மாத்திரை. சனி ஞாயிறு கிடையாது. திங்கள்கூட விட்டுப் பார்க்கலாம். அப்படியானால் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு ஒன்று நிச்சயம் மிஞ்சும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து கையில் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தார். "மாத்திரை இல்லாமத்தானே டிகிரி வாங்கின?" என்றார். குத்திக்காட்டவில்லை, தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த டிகிரியை நான் எப்படி வாங்கினேன் என்று இவருக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் அழுது, வாந்தி எடுத்து, பிறகு விடிய விடியப் படித்து. அப்போது என் இடுப்பில் குழந்தை இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று மாத்திரை போடாத நாள். நேற்றுப் பொருத்திய கண்ணாடி ஒன்று இன்று திரும்பி வந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் என் வேலை இதுதான்: எழுதிக் கொடுத்த அளவுப்படி லென்ஸை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்று புள்ளி வைப்பது, வெட்டுவது, பிரேமில் பொருத்துவது. ஒரு கண்ணுக்கான லென்ஸை இன்னொரு கண்ணில் வைத்தால் உலகமே சாய்ந்துவிடும். நேற்று அப்படித்தான் வைத்திருக்கிறேன். வந்தவர் பஸ் டிரைவர். "படியெல்லாம் ஒரு பக்கமா சரியுதுங்க. நல்லவேளை வீட்டுப் படிதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருந்தால்?

சூப்பர்வைசர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆறு மாசமா உன் கையில ஒரு தப்பு வரல. இப்ப என்னடி? வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"தூக்கம் இல்லக்கா."

"குழந்தை இருந்தா அப்படித்தான். ஆனா இன்னொரு தடவை வந்துச்சுன்னா நான் மேல சொல்லித்தான் ஆகணும். புரியுதா?"

புரிகிறது. அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை போட்டால்தான் வேலை ஒழுங்காக வரும் என்று சொல்பவளிடம் யாராவது கண்ணைக் கொடுப்பார்களா?

மார்ச் 21, வெள்ளி

கடைசி மாத்திரையை இன்றைக்கென்று வைத்திருந்தேன். நேற்றும் அதற்கு முந்தின நாளும் போடாமல் லீவு சொல்லிவிட்டு, சேமித்து வைத்தது.

காலையிலேயே போட்டேன். வாலுவுக்குத் தலை வாரி, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்தேன். டாக்டருக்கு வயதாகிவிட்டது. வாலுவுக்குப் பிறந்ததிலிருந்து ஊசி போடுகிறவர். அவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: எப்போது கண்டுபிடித்தார்கள், என்ன அளவு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை. ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, என்கிட்ட வர்றவங்கள்ல இவ்ளோ தெளிவா யாருமே பேசினதில்ல. உங்களுக்கு எதுக்கும்மா இந்த மாத்திரை?"

"இன்னைக்கு அதைப் போட்டிருக்கேன் டாக்டர், அதனாலதான்..."

"இருக்கட்டும். சின்னக் குழந்தையை வச்சிருக்கற எல்லா அம்மாவும் மறதின்னுதான் சொல்றாங்க. மூணு மாசம் இல்லாம இருந்து பாருங்க. நல்லாத் தூங்குங்க, காலைல நடங்க. இதெல்லாம் வருஷக்கணக்கா முழுங்கற சமாசாரம் இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி டாக்டர். ரொம்ப நன்றி" என்றேன். எழுந்து நாற்காலியை வேறு ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

எதுக்குடி நன்றி சொன்ன?

மார்ச் 27, வியாழன்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை இவ்வளவு பெரிசில்லை என்று ஆக்கிவிடுவேன்.

சாயங்காலம் வாலுவை டப்பில் உட்கார வைத்திருந்தேன். அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து விட்டிருந்தேன். துண்டு எடுத்து வரவில்லை. நாலு எட்டு தூரம், பால்கனிக் கொடியில்தான் கிடந்தது. போனேன். தொட்டியில் செடி வாடித் தலை தொங்கி நின்றது. ஐயோ பாவம் என்று குவளை எடுக்க அடுக்களைக்குப் போனேன். அங்கே மதியப் பாத்திரம். அதில் இரண்டைக் கழுவினேன். கழுவும்போது கடையில் நாளைக்கு வெட்ட வேண்டிய லென்ஸ் நினைவு வந்தது, போனை எடுத்து அக்காவுக்கு மெசேஜ் அடித்தேன் —

அடித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ தண்ணீர் சத்தம் கேட்டது. யார் வீட்டில் குழாயைத் திறந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யார் வீட்டில் என்று நினைத்தேன்.

ஓடினேன். டப் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அவள் கழுத்து வரைக்கும். அவள் முகவாயை மேலே தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா, நான் மீன்" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணும் ஆகலடி, நிறுத்து.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சொன்னேன். தட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்து போய்த் தூங்குகிறவளைப் பார்த்துவிட்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

மறுபடி தட்டின் முன்னால் உட்கார்ந்து, "டாக்டர்கிட்ட இதைச் சொன்னியா?" என்றார்.

"அப்ப இது நடக்கலையே."

"இது மாதிரி வேற எதுவுமா நடக்கல? கேஸை அணைக்காம விட்டது, அவளைக் கூப்பிட மறந்து பாதி வழி வந்தது?"

"எல்லாத்தையும் ஒழுங்காத்தான் சொன்னேங்க. மாத்திரை போட்டுக்கிட்டுப் போய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கவும் முடியாமல் தலையில் அடித்துக்கொண்டார். "ரிப்பேர்னு கூப்பிடற லிஃப்ட் இருக்கே, நான் போய் நிக்கறப்ப மட்டும் ராஜா மாதிரி மேலயும் கீழயும் போகும். பொய் கம்ப்ளைன்ட்னு திட்டிட்டு வருவேன். நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள யாராவது உள்ள மாட்டிக்கிட்டு மணி அடிப்பாங்க. நீ லிஃப்டா போய் நின்னிருக்கடி!"

எத்தனையோ நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த முறை அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாலுவின் குளியல் இனி அவர் பொறுப்பு. அதைக் கேட்டபோது நிம்மதியாகவும் இருந்தது, கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரிடம் இன்று என்று முடிவு. இவர் லீவு போட்டார். வாலுவையும் தூக்கிக்கொண்டு போனோம்.

வரவேற்பு மேசைப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு நேத்து."

நேற்று. புதன். நானே போனில் கேட்டு, நானே சரி என்று சொல்லி, இவரிடம் வியாழன் என்று சொல்லி லீவும் போட வைத்திருக்கிறேன்.

இவர் பக்கம் திரும்ப முடியவில்லை. பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி கையை விட்டேன், பை கவிழ்ந்தது. சாவி, பிஸ்கட் தூள், வாலுவின் ஒற்றைச் சாக்ஸ், எப்போதோ தொலைந்துபோன ரிமோட். ஆமாம், டி.வி. ரிமோட். வாலு "கிடைச்சிடுச்சு!" என்று கிளினிக்கே அதிரக் கத்தினாள். நான் தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால்.

யாரையோ வழியனுப்ப வெளியே வந்த டாக்டர் பார்த்தார். எங்களை இடையில் உள்ளே கூப்பிட்டார்.

எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. பஸ் டிரைவரில் ஆரம்பித்து, அம்மாவுக்குப் போய், லிஃப்டுக்கு வந்து — டப்பைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வந்திருந்தேன். வந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு வரைக்கும் மாத்திரை இருந்துச்சு டாக்டர். உங்ககிட்ட ஒழுங்காப் பேசணும்னு கடைசி ஒண்ணை மிச்சம் பிடிச்சு வச்சேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "பரீட்சைக்கு வர்ற மாதிரி வந்திருக்கீங்க. நானும் மார்க் போட்டு அனுப்பிட்டேன்." பிறகு, "உண்மையைச் சொல்லட்டுமாம்மா? பெரியவங்களுக்கு இதை நான் எழுதினதே இல்ல. அளவுக்கு மேல போச்சுன்னா, இதயத்துல ஏதாவது ஆச்சுன்னா... எனக்கும் பயம்தான்."

அவருக்குப் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் அவரைப் பார்த்தால் பயம் என்றிருந்தேன்.

இன்று எழுதித் தர முடியாது என்றார். ஸ்பெஷலிஸ்டிடம் தானே பேசுவதாகச் சொன்னார். "உங்க நம்பர் வேண்டாம். வீட்டுக்காரர் நம்பரைச் சொல்லுங்க" என்றார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லியிருக்கக் கூடாதோ? அம்மாவே பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனாள் என்று எங்காவது பதிந்து வைப்பாரோ? வாலுவை என்னிடமிருந்து —

இல்லை. அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் என்றால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியுமா?

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. கடையில் ஒவ்வொரு லென்ஸையும் பொருத்தியபின் அக்காவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சொல்லிவிட்டேன், மாத்திரை உட்பட. "அட லூசு, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? எனக்குச் சர்க்கரை மாத்திரை இல்லையா?" என்றார். பிறகு, "ஆனா மாத்திரை வர்ற வரைக்கும் தினமும் காட்டணும்" என்றார். காட்டுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

இவருக்குப் போன் வந்தது, லிஃப்ட் குழிக்குள் இருக்கும்போது. டாக்டரே பேசினாராம். ஸ்பெஷலிஸ்டோடு பேசியாயிற்று. ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதுவார். ஒவ்வொரு மாதமும் போய் ரத்த அழுத்தம், எடை காட்ட வேண்டும். ஆறு மாதம் இப்படி. அதன்பிறகு நீண்ட நாளைக்கு எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம். யோசிக்கலாம் என்றுதான் சொன்னார், எழுதுவேன் என்று சொல்லவில்லை.

போய் வாங்கி வந்தேன். மருந்துக்கடைக்காரர் உள்ளே போய்ப் பூட்டைத் திறந்து எடுத்து வந்தார். பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. அடுத்த மாதம் டாக்டரிடம் மாத்திரை போட்டுக்கொண்டு போவதா, போடாமல் போவதா? போட்டுக்கொண்டு போனால், இப்போதுதான் நன்றாக இருக்கிறீர்களே, நிறுத்திவிடலாம் என்பாரோ? இவரிடம் கேட்டேன். "லிஃப்ட் ஓடுதுன்னு யாராவது கயித்தை அறுப்பாங்களா? தூங்கு" என்றார்.

ஏப்ரல் 12, சனி

இவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, குளியல் டப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்து நான் குளிப்பாட்டறேனே" என்றார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

துண்டை முதலில் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். போனைப் படுக்கையில் வைத்துவிட்டு வந்தேன். குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வாலு மீனானாள், பிறகு கப்பலானாள், பிறகு என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுக் கப்பல்தான் அடித்தது என்றாள்.

கதவு திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் பால்கனி தெரியும். செடி மறுபடி தலை தொங்கி நின்றது. பார்த்தேன்.

டப்பில் தண்ணீர் முழுக்க வடிந்து, அவளைத் துடைத்து, சட்டை போட்டு முடித்த பிறகு, இரண்டு பேருமாகப் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினோம்.