வாளியின் எடை

சிடாம் கிரி,
8.3.1987

அன்பு மகள் கேதரினுக்கு,

அம்மா எழுதுறேன். மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் உசிரோட இருக்கோம், அதுக்கு மேல நலம்னு எழுதக் கை வரலை. அங்க மான்செஸ்டர் குளிர்ல நீ சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபமாலை சொல்றேன். இருமல் விட்டுச்சா, எழுது.

நம்ம ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி வித்தது உனக்குத் தெரியும். லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற நூத்தியெண்பது குடும்பத்துக்கும் சுங்கை பட்டாணி ஓரமா வீடு தர்றோம், பேர்ப்பட்டியல் அனுப்புங்கன்னு கம்பெனி சொல்லிச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதை அடிச்சது நான்தான், லயத்துக்கு ஒண்ணா பதினஞ்சு கோப்பு. அனுப்ப ஒரே ஒரு டிஸ்கெட் வந்திருந்தது, மேல 360 கிலோபைட்னு போட்டிருந்தது. பட்டியலோ மூணு லட்சத்து அறுபத்தாறாயிரம் பைட். கிலோன்னா ஆயிரம்தானேக்கா, இது கொள்ளாது, பினாங்குல இன்னொண்ணு வாங்கியாரலாம்லான்னு ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி மணியம் சொன்னான். நான் விடுவேனா. கம்ப்யூட்டர்ல கிலோன்னா ஆயிரத்து இருபத்து நாலுன்னு நீ கிறிஸ்துமஸுக்கு எழுதின கடுதாசியை எடுத்து அவன் முன்னால வெச்சுப் பெருக்கிக் காட்டினேன், மூணு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. எம்மக படிக்கிற படிப்பு, நீ எனக்குச் சொல்றியான்னு நாலு பேர் கேக்கச் சிரிச்சேன். வாசல்ல லாரிக்காரன் அவசரப்படுத்தினான். மெஷின்ல சிவப்பு விளக்கு அணைஞ்சதும் டிஸ்கெட்டை உருவி உறையில போட்டுக் கொடுத்துட்டேன், திரையில என்ன எழுதியிருந்ததுன்னு பார்க்கலை.

போன மாசம் பலகையில பேர் ஒட்டினாங்க. கடைசி லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் அதுல இல்லை. மெஷினை எடுத்துட்டுப் போக வந்தவர்தான் விவரம் சொன்னார், எந்தக் கோப்பு எங்க இருக்குன்னு குறிச்சுக்க டிஸ்கெட் ஆறாயிரம் பைட்டைத் தனக்குன்னு வெச்சுக்குமாம், அதனால கடைசிக் கோப்பு ஏறவே இல்லையாம். நீ சொன்னது சரிதான்மா, உன்மேல ஒரு குத்தமும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ல ரப்பர் பால் நிறுத்துக் கணக்கு எழுதினவ நான், வாளி எடையைக் கழிக்காம ஒருநாளும் எழுதினதில்லை. இதுல வாளின்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தோணலை.

பட்டியல் அனுப்புறது கிராணி பொறுப்புன்னு மேனேஜர் மணியத்து மேல பழியைப் போட்டு வேலையை விட்டு நிறுத்திட்டார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கலை. ரெண்டு வாரம் நானும் வாயைத் திறக்கலை, கேதரின், உங்கிட்ட மறைக்க மாட்டேன், பயந்துட்டேன். அதுக்குள்ள கடைசி லயத்துக் கூரைத் தகரத்தை உருவ ஆரம்பிச்சாங்க. மரத்துல பால் வெட்டுற அய்யாவு அண்ணன், படுத்த படுக்கையா இருக்கிற பொண்டாட்டியைப் பலகையோட தூக்கிக் கோயில் மண்டபத்துல கிடத்தினார். என்னைப் பார்த்து, தங்கச்சி, நீங்க அடிச்ச பட்டியல்தானே, எங்க பேரு எங்கயாவது மாறிக் கிடக்கும், பாருங்கன்னார். அன்னிக்கே மேனேஜர்கிட்டப் போய் எல்லாம் என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். மணியத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, என்னை அனுப்பிட்டாங்க. வீடு மட்டும் இனி ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லிட்டாங்க, பட்டியல் முடிஞ்சுபோச்சாம். ஒரு பேரை எடுத்தா இன்னொரு பேரைப் போடலாமாம், அவ்வளவுதான்.

அதனால பட்டியல்ல இருந்த நம்ம பேரை எடுத்துட்டு அய்யாவு அண்ணன் பேரைப் போடச் சொல்லிட்டேன். அப்பா சாமானைக் கட்டிக்கிட்டிருக்கார். உன் கட்டிலையும் படுக்கையில கிடக்கிற அந்த அம்மாளுக்கே விட்டுட்டேன், கோவிச்சுக்காதே. ஒரு வீடு கொடுத்துட்டேன்னு மனசு ஆறலை, மிச்சம் பதினொரு குடும்பம் எங்க போகுமோ தெரியலை, பூசைக்குப் போனாலும் அவங்க முகம்தான் வருது.

உடம்பைப் பார்த்துக்க, வேளைக்குச் சாப்பிடு, படிப்பை விட்றாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டா. இந்தப் பழைய முகவரிக்கு இனி எழுதாதே, பண்டார் பாருவுல உன் சித்தப்பா டக்ளஸ் வீட்டுக்குப் போடு. ஒரு ரூம் தந்திருக்கார். நீ லீவுல வந்தா அதுலதான் மூணு பேரும் படுக்கணும்.

உன் அம்மா,
செலஸ்டின்