பாலத்துக்கு அந்தப் பக்கம் நாற்பத்து மூன்று துணி

24 அக்டோபர் 1974, வியாழன். காலை 7.10

மழை. கடையில் அளவெடுக்காத துணி 43. தீபாவளிக்கு 20 நாள்.

மேல்கணக்குக்குப் போகும் பாலத்தில் நேற்று கயிறு கட்டிவிட்டார்கள். வாந்திபேதி. தொழிலாளர் லயத்திலிருந்து மேலும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். யாரும் இறங்கக் கூடாது. காவலுக்கு ஒரு வாச்சர், குடையோடு.

43 துணியும் மேல்கணக்கு ஆட்களுடையது. தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பிரிவு. எங்கள் வாடிக்கையில் பாதி. அவர்கள் வழக்கம் இது: முதலில் துணியைக் கொடுத்து இடம் பிடிப்பது, பிறகு ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு இறங்கி அளவு கொடுப்பது. துணி தரும்போதே அளவையும் தந்தால் என்ன என்று மூன்று வருடமாகக் கத்துகிறேன். அண்ணன் சவரிமுத்து, பதினான்கு வருடத் தையல்காரர், ஒரே பதில்தான்: "அளவு குடுக்கிறேன்னுதான்டா அவங்க டவுனுக்கே வாறாங்க. அதையும் புடுங்கிறாத."

சரி. இப்போது துணி இங்கே, உடம்பு அங்கே.

மாலை. நாங்கள் வேதக்காரர்கள், தீபாவளி கிடையாது. ஆனால் கடைக்கு வருடம் என்றால் தீபாவளிதான். அண்ணன் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் துணிய முடிச்சுக் குடுக்க முடியலன்னா கடைய மூடிர்றேன். கப்பலுக்கு நாள் கேட்டு எழுதிருவேன்." அவர் குடும்பத்துக்கு இந்தியா போக அனுமதி வந்து எட்டு மாதம். அந்தக் காகிதத்தில் என் பெயர் இல்லை. அண்ணி பாண் ரொட்டி கியூவிலிருந்து வெறுங்கையோடு வந்தார்.

25 வெள்ளி

கொழும்பில் இரண்டு வருடம் இயந்திர வரைபடம் படித்தேன். வேலைதான் கிடைக்கவில்லை, பிரஜாவுரிமைக் கடதாசி கேட்கிறான். படித்ததை வைத்து ஒரு படிவம் வரைந்தேன். மனித உருவம், முன்பக்கம், பின்பக்கம், அம்புக்குறி, 1 முதல் 9 வரை எண். சுத்தமான வேலை.

மேலிருந்து பாலம் வரை வர அனுமதி ஒரே ஆளுக்கு: ராமையா கங்காணி. தினமும் நாலு மணிக்குக் கடிதமும் மருந்தும் வாங்க வருவார். படிவத்தைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினேன். பக்கத்தில் நின்ற சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் பீ.எச்.ஐ. மாத்தயா என்கிறோம், சிரித்தார். "மேல போறது சரி. கீழ வாறது பே. பேப்பர், துணி, ஒண்டும் பே." 'பே' என்றால் சிங்களத்தில் முடியாது. அப்படியானால் நிரப்பின படிவம் எப்படித் திரும்பும்? யோசிக்கவில்லை. மடையன் நான்.

கங்காணி படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இது யாருங்க தம்பி, செத்தவரா?"

அண்ணி ராத்திரிச் சாப்பாட்டில்: "படம் எதுக்கு? ஆளுக்கொரு சணல் கவுறு. மொத முடிச்சு கழுத்து, ரெண்டாவது மாரு, கடைசி ஒசரம். போதும்." போதும்தான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

26 சனி

காலை மழை இல்லை. பனி.

பாலத்துக் கைப்பிடி இரும்பில் வெள்ளைப் பெயின்டால் அங்குலக் கோடு போட்டேன். 60 வரை. கையிலும் பெயின்ட். வாச்சர்: "பாலத்துக்கு ஜிப்பாவா தைக்கப் போறீங்க?" கங்காணி ஒவ்வொரு கயிற்றையும் அதில் இழுத்துப் பிடித்து எண்ணைக் கத்துவார். நான் இந்தப் பக்கம் எழுதுவேன். பீ.எச்.ஐ.க்கும் சம்மதம். சத்தத்தில் கிருமி ஒட்டாது.

இன்று அவர்கள் இறங்கியிருக்க வேண்டிய சனிக்கிழமை. போன வருடம் இதே நாள்: மத்தியானம் ஒரு மணிக்கே தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வரிசை தெரியும். முதலில் குரல், பிறகு குடை, பிறகு ஆள். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரின தலை. கடைக்குள் ஈரக் கம்பளி வாசமும் சோக்கட்டித் தூளும். அண்ணன் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கத்துவார்: "கழுத்து பதினாலு! மாரு முப்பத்தாறு!" நான் எழுதுவேன். லெச்சுமியக்கா ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்பாள், முப்பத்தாறு இல்லை முப்பத்தி நாலுதான் என்று. அண்ணன் அவளுக்காக முப்பத்தி நாலு என்று சத்தமாகச் சொல்லி, எனக்கு விரலால் ஆறு காட்டுவார். அந்தக் கூச்சல் எனக்கு எரிச்சலாக இருக்கும். எப்போது முடியும் என்று மணி பார்ப்பேன்.

இன்று ஐந்து வாடிக்கைக்காரர்கள். ஐந்து பேரும் பொத்தான் வாங்க.

28 திங்கள்

அளவுகள் வந்துவிட்டன. ஒரு மணி நேரக் கத்தல், 43 பேர். கங்காணி கயிறுகளை அங்கேயே கொளுத்திவிட்டார்.

போன வருட அளவுக் கொப்பியோடு ஒப்பிட்டேன். ஏதோ பிழை. பெரியவர்கள் எல்லோருக்கும் மார்பு இரண்டு, மூன்று அங்குலம் கூடியிருக்கிறது. அரிசி இல்லை, மாவு இல்லை, வாந்திபேதி வேறு. எப்படி ஊதுவார்கள்?

அண்ணன்: "எங்க வச்சு அளந்தாராம்?"

விசாரித்தால், பெரட்டில். லயம் லயமாகப் போகத் தடை. விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில். அந்தக் குளிரில் ஆண்கள் பழைய கோட்டோடு, பெண்கள் கம்பளியோடு. அதற்கு மேலேயே கயிற்றைச் சுற்றிவிட்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. அண்ணனுக்கு அவர் கோட்டைப் போட்டு அளந்தேன், கழற்றி அளந்தேன். வித்தியாசம் இரண்டரை. எல்லாவற்றிலும் இரண்டரை கழித்துவிட்டால் தீர்ந்தது.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். கணக்கு கணக்குதானே."

அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்ட ஆரம்பித்தோம்.

31 வியாழன்

மழை. தையல். தையல். ஊசி இரண்டு உடைந்தது. 11 முடிந்தது.

எதிர்க் கடையில் சலூன்காரர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். சீப்பும் துவாயும் வருகிறவனே கொண்டுவர வேண்டுமாம். தேத்தண்ணிக் கடையில் கிளாசைக் கண்ணெதிரே கொதிதண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். யாரும் உட்காருவதில்லை.

செல்வராசு ஞாபகம். கடையில் எங்களோடு தைத்தவன், பொத்தான் காஜா எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. மெஷின் பெல்ட்டைச் சரியாக இழுத்துக் கட்டத் தெரியாது, நான் கட்டிக் கொடுப்பேன். போன தை மாதம் இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினான். ஸ்டேஷனில் அழுதுகொண்டே, "பெல்ட்டு யாருடா கட்டுவா?" என்றான். ஒரு கடிதம் வந்தது. அங்கே குளிரே இல்லையாம், தூக்கம் வரவில்லையாம். பதில் போடவில்லை. போட வேண்டும்.

3 நவம்பர், ஞாயிறு

நேற்று 19 உடுப்பு மேலே அனுப்பினோம். இன்று நாலு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்க வளைவில் இருபது பேர். கங்காணி விரட்டியும் போகவில்லை. புது உடுப்பைப் போட்டுக் காட்ட வந்திருக்கிறார்கள்.

பெரியவர்களுக்குச் சரியாக இருந்தது. ஒருவர் கையைத் தூக்கி, இறக்கி, திரும்பிக் காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது லெச்சுமியக்கா பையனை முன்னால் தள்ளினாள். சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் பூட்டவில்லை.

"தம்பி! எம் புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க!"

இன்னொருத்தி: "எம் மகளுக்குத் தலையே நொழையல!"

பின்னாலிருந்து ஒரு கிழவர்: "விடுங்க புள்ள, இதப் போட்டா சோறு எறங்காது. அரிசி மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். லெச்சுமியக்கா மட்டும் சிரிக்கவில்லை. பையன் சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கங்காணி சொன்னபிறகுதான் புரிந்தது. பிள்ளைகள் பெரட்டுக்கு வருவதில்லை. வேலை நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் இருப்பார்கள். அங்கே ஆயாவே கயிறு சுற்றியிருக்கிறாள், வெற்றுடம்பில். அதிலும் நான் இரண்டரை கழித்தேன். கொப்பியில் பிள்ளைகள் அளவு கூடவே இல்லை. பார்த்தேனா? பெரியவர்களைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

எட்டுப் பிள்ளைகள். எட்டும் வீண். திருத்தலாம் என்றால் மேலே போனது கீழே வராது.

அண்ணன் கடைக்கு வந்து மிச்சத் துணியை ஒவ்வொன்றாக மடித்தார். "திருப்பிக் குடுத்துருவோம் ஜோசப்பு. கையால தச்சுக்கிடட்டும்."

4 திங்கள்

காலை முழுக்க அந்தப் பையன் கை கண்ணில்.

எளிய விஷயம். உடுப்பு கீழே வராது. ஆள் மேலே போகலாம். பீ.எச்.ஐ.யைப் பிடித்தேன். பேதிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்றார். அட்டையைக் காட்டினேன்.

"உள்ள போறது சரி. வெளிய வாறது பே. எப்ப கயிறு அவுக்கிறதோ, அப்ப."

"எத்தனை நாள்?"

"நான் தெரியாது. மூணு கிழமை? நத்தார் பண்டிகைக்கு வருவீங்க."

அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "சாவுறதுக்கா போற?" என்றார், மெதுவாக.

"தைக்க."

"அவங்க உன்னையத் திட்டுவாங்கடா."

"திட்டட்டும். கிட்ட நின்னு திட்டட்டும்."

அண்ணன் எழுந்து கை மெஷினைத் தூக்கி மேசையில் வைத்தார். எண்ணெய் விட்டார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்தச் சத்தம், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே கேட்கும் சத்தம். இதைக் கேட்காமல் இந்த டவுன் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணி வறுத்த மாவும் சீனியும் கட்டினார். "தண்ணிய காய்ச்சிக் குடிங்க" என்று நாலு தடவை.

5 செவ்வாய். காலை 5.40

பனி. பாலம் தெரியவில்லை. தீபாவளிக்கு 8 நாள். தைக்காத துணி 24, பிரிக்க வேண்டியது 8.

செய்ய வேண்டியவை:

1. கை மெஷின், ஊசி ஒரு பெட்டி, வெட்டுத் துண்டு எல்லாம் சாக்கில். பிள்ளைகள் சட்டைக்குப் பக்கப் பட்டி போட அந்தத் துண்டு போதும்.

2. லெச்சுமியக்கா பையன் முதலில். மன்னிப்புக் கேட்க.

3. கோட்டையும் கம்பளியையும் கழற்றச் சொல்லி அளக்க. லயத்துக்குள் போகாமல் வாசலில் வைத்து. நாடாவைத் தினமும் கொதிதண்ணீரில். சுருங்குகிறதா என்று மரக்கோலோடு ஒப்பிட.

4. நாலு மணிக்குப் பாலத்தில் அளவுகளை நான் கத்த, அண்ணன் எழுத. கடையில் வெட்டி அனுப்ப, நான் மேலே தைக்க.

5. பாலத்துக்கு அண்ணனே வர வேண்டும். வேறு ஆளை அனுப்பக் கூடாது.

6. செல்வராசுவுக்குக் கடிதம், கயிறு அவிழ்த்த பிறகு.

7. கப்பலுக்கு நாள் கேட்டு எழுத வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல. நேரில் வாய் வரவில்லை. இன்று அளவெல்லாம் கத்தி முடித்ததும், அதே மூச்சில் அதையும் கத்திவிட.