கழுவாத நாலாம் தொட்டி

மார்ச் 4

இந்தக் குஞ்சுகளும் போய்விட்டன. நேற்று மாலை வரை தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்த சிப்பிக் குஞ்சுகள், காலையில் தொட்டியின் அடியில் வெள்ளை மாவாய்க் கிடந்தன. தொடர்ந்து மூன்றாம் முறை. இன்னொரு முறை செத்தால் பொரிப்பகத்தை மூடவேண்டியதுதான்.

மார்ச் 5

தொட்டி, குழாய், வாளி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்தேன். கை எரிகிறது. இதற்கு மேல் என்ன செய்ய?

மார்ச் 9

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பாக்டீரியா வளர்ப்பவர். வேலையாட்கள் அதற்குள் ‘கிருமி மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களே, அதான் வினை" என்றார். சுருக்கென்றது. ப்ளீச்சிங்கில் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடுகிறதாம். காலி இடத்தில் முதலில் பெருகுவது குஞ்சைக் கொல்லும் கிருமிதானாம்.

"கழுவாம விட்டது ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. நாலாம் தொட்டி. ஓட்டை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பி விட்டுப்போன தாய்ச் சிப்பிகள் அதில் இருக்கின்றன. கைவைக்க மனசு வரவில்லை.

மார்ச் 10

கிருமி மேடம் நாலாம் தொட்டிச் சுவரில் படிந்த வழுவழுப்பைப் பஞ்சில் ஒற்றி எடுத்துப்போனார். இதைக் கழுவாமல் விட்டதற்காகத்தானே மூன்று வருஷத்துக்கு முன் தம்பியைச் சோம்பேறி என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன்? "இதுல குஞ்சு நல்லா பொழைக்குதுக்கா, அதான் விட்டு வெச்சிருக்கேன்" என்றான். நான் கேட்டால்தானே. அன்று போனவன்தான்.

எப்படி இருந்த நாட்கள்! அவன் சல்லடை பிடிக்க, நான் தண்ணீர் ஊற்றுவேன். இருப்பது ஒரே மைக்ரோஸ்கோப். "போதும்க்கா, கண்ணு அதுலயே ஒட்டிக்கப் போவுது" என்று தோளால் இடித்துத் தள்ளுவான். இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிடிக்கவில்லை.

மார்ச் 24

வழுவழுப்பிலிருந்து பிரித்து வளர்த்த பாக்டீரியா குப்பியில் வந்தது. புதுக் குஞ்சுகள். இரண்டு தொட்டிகளில் தினமும் ஊற்றவேண்டும். மூன்றாவதில் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க.

மார்ச் 30

மூன்றாவது போய்விட்டது. மற்ற இரண்டிலும் சுற்றுகின்றன. எண்ணிப் பார்க்கப் பயம்.

ஏப்ரல் 8

குஞ்சுகளுக்குக் கண்புள்ளி வந்துவிட்டது! இனி நீந்துவதை விட்டுச் சிப்பி ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். பிழைத்தோம். மைக்ரோஸ்கோப்பிலிருந்து நகர்ந்து இடம் விட்டேன் — பக்கத்தில் யாருமில்லை. அழுதுவிட்டேன். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"நீ சொன்னதுதான்டா சரி. நான்தான் கேக்கல. வந்துடேன்."

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாலாவது தொட்டிய கழுவிட்டியாக்கா?"

"இல்லடா."

ஏப்ரல் 12

இன்று மைக்ரோஸ்கோப்பில் அரை நிமிஷம் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை, இடி வாங்கித் தோள் வலிக்கிறது. பொரிப்பக வாசலில் அவன் ரப்பர் பூட்ஸ், சேறும் சகதியுமாக. கழுவச் சொல்ல வாய் வரை வந்தது. பேசாமல் தாண்டி வந்துவிட்டேன்.