ஆண்டோஃபகாஸ்டாவின் முதல் வரி

வாஷிங்டன், 1960

செப்டம்பர் 12
சிலியிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ஒலிநாடா வந்தது. ஆண்டோஃபகாஸ்டா நிலையத்தில் வெர்னன் பதிவு செய்தது. தொடக்கத்தில் நிலையத்தின் பெயர், தேதி, நேரம் மட்டும் சொல்லலாம். சொந்தப் பேச்சு கூடாது. அப்புறம் செயற்கைக்கோளின் கீச்சுதான். என் புருஷன் குரல் அந்த ஒரு வரிதான். திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பின்னால் எங்கள் தலைவர் டாக்டர் பிளேக்லி நிற்கிறார்!
“ஏம்மா ஆர்லீன், தேதி புரியலையா?”
குசும்பு பிடித்த மனுஷர்.

செப்டம்பர் 20
இறைச்சி ரொட்டி சுட்டேன். ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு?
“ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. உன் குழாய் மூச்சை விட்டதும் ஓடி வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மேலே அந்தச் செயற்கைக்கோளில் சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் இரண்டு வாயுக்குழாய்களுக்கும் மெல்லிய பெரிலிய உலோகத் தகடு ஒட்டியது நான்தான். மயிரிழைக் கசிவு போதும், செத்துவிடும். சாகவில்லையே! அது பேசும்வரை அவன் அங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 3
மழை. நாடா வரவில்லை.

அக்டோபர் 11
குழாய்கள் காட்டும் கதிர் அளவு இறங்கிக்கொண்டே போகிறது.
“கசிவுன்னு நினைக்கிறேன். உன் கைவேலை, நீயே சொல்லு. ஆமான்னா ஆண்டோஃபகாஸ்டாவை மூடிடலாம்” என்றார் பிளேக்லி.
ஆமாம் என்றால் போதும். நன்றித் திருநாளுக்கு வீட்டில் இருப்பான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 12
இரண்டு குழாயும் ஒரே மாதிரி இறங்குகின்றன. தனித்தனியாக ஒட்டியவை ஒரே வேகத்தில் கசியுமா? கசியாது. சூரியன்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பார்க்கத்தானே அனுப்பினோம்?
கசிவில்லை என்று சொல்லிவிட்டேன். “நிச்சயமா?” என்றார். “என் ஒட்டு விடாது, டாக்டர்.”
கழிவறையில் போய் அழுதேன். வரவிருந்தவனை நானே தடுத்துட்டேனே, பாவி!

நவம்பர் 24
நன்றித் திருநாள். அக்கா வீட்டில் வான்கோழி. எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள்.

நவம்பர் 28
புது நாடா. கீச்சைத் தாளில் கோடாக வரையும் எழுதுமுள் எகிறி விளிம்பில் முட்டியது. சூரியன் சீறியிருக்கிறது, இரண்டு குழாயும் பிடித்துவிட்டன! பிளேக்லி சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். கீச்சு அடங்கியதும், யாரும் பேசக்கூடாத இடத்தில், வெர்னன்:
“டாக்டர், அந்த ஒட்டு போட்டவகிட்ட சொல்லுங்க. கொஞ்சம் மட்டமா ஒட்டியிருந்தா இந்நேரம் வீட்ல இருந்திருப்பேன். ராட்சசி! அவளப் பாக்கணும்போல இருக்கு.”
எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிளேக்லி தொப்பியை எடுத்துக்கொண்டார்.
“தேதி புரியலைன்னா இன்னொரு தடவை போட்டுக்கோம்மா” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.
போட்டுக்கொண்டேன்.