வலியில்லை என்று நீ சொன்ன ஞாயிறுகள்

அக்கா,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ கேட்க மாட்டாய் என்று உறுதியான பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. என் குணமே அதுதான்.

போன மாதம் என் வலது முழங்காலில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, உனக்கும் ஒருகாலத்தில் வைத்த அந்த இயந்திரத்தின் முனையை வைத்து அழுத்தினார்கள். டக்டக்டக் என்று அது கொத்தத் தொடங்கியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். பக்கத்தில் நின்ற இளம் பிசியோதெரபிஸ்ட், "சேர், நோவு பத்துக்கு எத்தனை?" என்றார். "எட்டு. குறைங்க" என்றேன், யோசிக்கவே இல்லை. உடனே குறைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே, உட்பக்கம் என்றேன். அங்கே வைத்தார். அவ்வளவுதான் விஷயம். கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். வைத்தியமே அந்தப் பதிலில்தான் நடக்கிறது. அந்தக் கட்டிலில் கிடந்தபடி உன்னை நினைத்தேன். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அப்பா செத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நான் ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகியிருந்தேன். உன் புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாமல்போனதால் நீ கைக்குழந்தையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவுக்கே வந்திருந்தாய். எட்டாம் நாள் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "காம்பராவுல இருக்கணும்னா ஒரு ஆளு தோட்டத்துல பேர் பதியணும். தம்பியா, நீயா?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எம் பேர எழுதிக்கங்க" என்றாய். அந்த ஒற்றை அறையும் புகை படிந்த சுவரும் உன் இரண்டு முழங்கால்களின் மேல் நின்றன என்று எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆனது.

அதை ஒருநாளும் நீ சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். நீ சும்மா இருந்ததை நான் மன்னிக்கவில்லை.

உன் முழங்கால் வளையத் தொடங்கியபோது நான் பதுளையில் ஒரு பாடசாலையில் பட்டதாரி ஆசிரியன். கூடை நிறையக் கொழுந்தோடு நீ பக்கவாட்டாக, நண்டு மாதிரி மலையிலிருந்து இறங்குவதை ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. படித்தவனுக்கு ஆத்திரம் வந்தால் வேறென்ன செய்வான், மனு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். உன்னைப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு, கீழே என் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் போட்டு, தோட்டத் துரைக்கு அனுப்பினேன்.

மனு போய்ச் சேர்ந்த அடுத்த நாள், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் நடந்ததை நீயே சொல்லிச் சிரித்தாய். எல்லா ஆட்களும் நிற்க, கணக்கப்பிள்ளை உன்னைப் பார்த்துக் கும்பிட்டாராம். "வாங்க, மாஸ்டர் வீட்டு அக்கா! தம்பி இங்கிலீசுல எழுதியிருக்காரு. இனி மலையில நாற்காலி போட்டுத்தான் ஒங்களுக்குக் கொழுந்து." பெரட்டே சிரித்ததாம். அன்றைக்கே உன்னை ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள், தோட்டத்திலேயே செங்குத்தான மலைக்கு. ஒரு மாதம் கழித்துத் துரையிடமிருந்து பதில் வந்தது. மலை ஏற முடியும் என்றோ முடியாது என்றோ டாக்டர் கடிதம் கொண்டு வரவேண்டும். முடியாது என்றால் பேர் வெட்டப்படும். பிள்ளைமடுவத்தில் ஆள் போதும்.

அப்போதுதான் அந்த யாழ்ப்பாணத்து அம்மா பதுளை பஜாரில், ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடைக்கு மேல்மாடியில், பிசியோதெரபி நிலையம் திறந்திருந்தார். புதிதாக ஓர் இயந்திரம் கொண்டுவந்திருப்பதாக எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு. நான் போய் விசாரித்தேன். "ஷொக்வேவ்" என்றார், பிறகு "அதிர்வலை" என்றார். ஒளித்துப் பேசவில்லை. "மாஸ்டர், தேய்ஞ்சது திரும்ப வளராது. ஆனா சில பேருக்கு நோவு நல்லாக் குறையும், நடை சுகமாகும். சில பேருக்கு ஒண்டும் செய்யாது. அஞ்சு கிழமை பாப்பம். சரிவரேல்லை எண்டால் டாக்டரிட்டச் சொல்லி, இருந்து செய்யிற வேலைக்குக் கடிதம் எடுப்பம்."

உனக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். முதல் ஞாயிறு பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்த ஒடுங்கிய மாடிப்படியை அண்ணாந்து பார்த்து, "முட்டிக்கு வைத்தியம் பாக்க முட்டிய ஒடச்சிக்கிட்டு ஏறணுமாடா?" என்றாய். கடைப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். பதினெட்டுப் படி ஏற நாம் எடுத்துக்கொண்ட நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

கட்டிலில் படுத்தாய். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட வெட்கப்பட்டு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னாய். நான் திரும்பினேன். அந்தச் சுவரில் முகம் கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி இருந்தது.

"அம்மா, எந்த இடத்திலை கூட நோகுது?"

"எங்கயும் இல்லீங்க."

"இதிலை அமத்தினா?"

"வலி இல்லீங்கம்மா."

"இப்ப கொஞ்சம் கூட்டுறன். நோகுதெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டலாம்."

"நீங்க செய்யுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

கூட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். "சரியான பொறுமை உங்களுக்கு! மற்ற ஆக்கள் இந்த அளவிலை கத்துவினம்" என்று அவர் வியந்தார். நோகிற இடத்தை நீ காட்டாததால் குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்தார். நீ கத்தாததால் மேலும் மேலும் பலத்தைக் கூட்டினார். ஐந்து ஞாயிறும் இதுதான் நடந்தது. இரண்டு நாள் பாரம் தூக்காமல் ஓய்வெடுக்கச் சொன்னார், "சரிங்க" என்றாய். திங்கட்கிழமை விடிந்ததும் ஏழாம் நம்பர் மலையில் கூடையோடு நின்றாய்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. வெள்ளைச் சட்டை போட்டவர் யாராவது 'வலிக்குதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் டிஸ்பென்சரிக் கொப்பியில் ஏறும், அங்கிருந்து செக்ரோல் என்கிற சம்பள ஏட்டுக்குப் போகும், அரைநாள் பேர் ஆகும், பிறகு பேரே இல்லாமல் போகும். அப்பாவும் சாகிற வாரம்வரை அப்படித்தான் சொன்னார். அந்த அம்மாவுக்கு இது தெரிய நியாயமில்லை. நோயாளி வலியைக் கூட்டிச் சொல்வார் என்றுதான் அவர் படித்திருப்பார்.

ஆனால் எனக்குத் தெரியும். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு கொத்துக்கும் உன் கால் விரல்கள் உள்ளே மடங்கின. கட்டில் விரிப்பின் ஓரத்தை விரல் முட்டிகள் வெளுக்கப் பிடித்திருந்தாய். முகத்தில் மட்டும் ஒரு மரியாதையான சிரிப்பு. திரும்பி நின்று, 'அவ பொய் சொல்றா, நிறுத்துங்க' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும்.

நான் சொல்லவில்லை, அக்கா.

நீ பயந்தது காம்பரா போய்விடும் என்று. நான் பயந்ததும் அதற்குத்தான். உன் பேர் வெட்டப்பட்டால் நீயும் மகளும் வேறெங்கே வருவீர்கள்? என் இரண்டு அறை வாடகை வீட்டுக்குத்தான். உன்னை எங்கே படுக்க வைப்பது என்று என் மனைவி அதற்கு முந்தைய வாரமே கேட்டுவிட்டாள். அவள் மேல் பழி போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. கேள்விதான் அவளுடையது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள் நான்.

ஐந்தாம் ஞாயிறு, அந்த நிலையத்துக்கு வந்துபோகிற டாக்டர், பிசியோ அம்மாவின் குறிப்பைப் படித்துவிட்டு, நல்ல முன்னேற்றம், வழக்கமான வேலை செய்யலாம் என்று எழுதித் தந்தார். மாடிப்படியில் நீ அந்தக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். "பாத்தியா, என் பேர யாரும் வெட்ட முடியாது" என்றாய். அப்படி ஒரு சந்தோஷத்தில் உன்னை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பஸ் நிலையத்தில் எனக்கு நீ ஒரு தேநீரும் வாங்கித் தந்தாய்.

அந்த இயந்திரம் உனக்கு உதவியிருக்குமா? தெரியாது. எனக்கு மூன்றாம் தடவைக்குப் பிறகு படியிறங்குவது கொஞ்சம் இலகுவாக இருக்கிறது. உனக்கும் அப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். சரியான இடத்தில் அது ஒரு தடவைகூடப் படவில்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் மலை ஏறினாய். கடைசி இரண்டு வருடம் லயத்துப் பின்பக்கக் கக்கூஸுக்குப் போகும் ஆறு படியை உட்கார்ந்தே இறங்கினாய். மரணச் சான்றிதழில் இருதயம் என்று எழுதியிருந்தார்கள். சாவு வீட்டுக்குக் கணக்கப்பிள்ளை மாலையோடு வந்து, "ஒரு நாள் வலின்னு சொன்னதில்ல, அப்படி ஒரு ஆளு" என்றார். புகழ்ந்தார்தான். அவர் சட்டையைப் பிடிக்கக் கை வந்தது. பிடித்திருந்தால் என் சட்டையையும் யாராவது பிடிக்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உன் காரியம் முடிந்த வாரமே காம்பராவுக்காக உன் மகள் பேர் பதிந்தாள். நான் அன்றும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன்.

நேற்று முன்தினம் அவளைப் பதுளைச் சந்தையில் பார்த்தேன். இடது காலை ஊன்றாமல் நடந்தாள். "என்னம்மா காலு?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, செருப்பு புதுசு" என்றாள். செருப்பு பழையது, அக்கா. குதிப்பக்கம் தேய்ந்து மெல்லிசாகியிருந்தது. என்னோடு பிசியோவிடம் வா என்று கூப்பிட்டேன். உன் சிரிப்பையே சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதினேன். உனக்கு எழுதியதாக இருந்தாலும் உறையில் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கண்ணாடியில் நான் கண்டதை அவள் படிக்கட்டும். என்னைத் திட்டட்டும். அதற்குப் பிறகாவது, யாராவது கேட்டால் எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும். பேர் வெட்டப்பட்டால் இந்த வீட்டின் முன்னறை அவளுக்குத்தான். மனைவியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவள் அலுமாரியை நகர்த்தத் தொடங்கினாள்.

தோட்டத்துத் தபால் எல்லாம் காரியாலயம் வழியாகத்தான் லயத்துக்குப் போகும், பாதி உறைகள் பிரிந்துதான் போய்ச் சேரும். என் பெயர் அங்கே யாருக்கு என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதில் தோட்டத்தின் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. கீழே ஒப்பமிடப் பேனாவை இரண்டு தடவை எடுத்தேன். வேண்டாம். என் எழுத்து அவளுக்குத் தெரியும். இப்படியே ஒட்டி, நாளைக் காலை பாடசாலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுகிறேன்.