சனிக்கிழமைக் கட்டு

இன்று காலை கடலூர் முதுநகர் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்காரர் பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். "பண்ருட்டிப் பழம் சார், ஒரு சுளை சாப்ட்டுப் பாருங்க" என்று நீட்டினார். வேண்டாம் என்று நடையைக் கட்டினேன். வாசனை மட்டும் வீடுவரை கூடவே வந்தது. சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் போகவில்லை. அதனால்தான் மச்சான், போன வருஷம் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் படித்த நாலு வருஷமும் நமக்கு ஒரே அறை. பிறகு சென்னையில் ஒரே கம்பெனி. ஒருநாள் மீட்டிங் நடுவில் லேப்டாப்பை மூடினாய். "போதும்டா. எதைப் படிச்சேன், எதைப் படிக்கலன்னே தெரியல. தலைக்குள்ள சந்தைக்கடை எரையுது" என்றாய். சிதம்பரத்துக்கே திரும்பி மேலவீதியில் ஜெராக்ஸ் கடை போட்டாய். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். உரக்கச் சொன்னவன் நான்தான்.

நான் ஓடவில்லை, சமாளித்தேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் கடலூர் வந்து சேர்ந்தேன். மெயில் ஒரு பக்கம், டீம் பேச்சு நாலு பக்கம். போதாக்குறைக்கு, புதிதாக வந்ததை எல்லாம் படிக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். சோற்றைப் பிசையும்போதும் இடது கை போனைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு நாளைக்கு வர்றத பிரிண்ட் போட்டா என் கடை பேப்பர் பத்தாதுடா" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே ஒரு புரோகிராம் எழுதினேன். எனக்கு வருவதை எல்லாம் அதுவே படித்துப் பிரிக்கும். அவசரமானது உடனே கண்முன் வரும். அவசரமில்லை என்று எழுதியிருந்தால் சனிக்கிழமைக் கட்டுக்குப் போய்விடும், ஆளுக்கொரு வரியாகச் சுருங்கி, காலை ஒன்பது மணிக்கு வரும். உன்னிடமும் பீற்றிக்கொண்டேன். "இனிமே போன் பண்ணாத, மீட்டிங்ல இருப்பேன். மெசேஜ் போடு" என்றேன். "சரிங்க ஆபீசர்" என்றாய். அதற்குப் பிறகு நீ போன் செய்யவே இல்லை.

நம் வீடுகளில் யாரடா அவசரம் என்று சொல்லி ஆளைக் கூப்பிடுகிறார்கள்? உன் அப்பா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது நம் விடுதிக்குப் போன் போட்டு என்ன சொன்னார்? "ஒன்னும் அவசரமில்லப்பா, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் போட்ட சட்டையோடு பஸ் ஏறினோம். அது எனக்குத் தெரியாததா? தெரிந்ததை நான் புரோகிராமில் எழுதவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் உன் மனைவி போன் செய்தாள். நெஞ்சில் ஆபரேஷன், நீ திரும்பவில்லை. எனக்கு அதுதான் முதல் செய்தி. உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை இன்னும் கொண்டுவந்திருக்கவில்லை. வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை. மூலையில் சாக்கின்மேல் முழுப்பழம், கத்தி படாமல் இருந்தது.

"நீங்க வந்துதான் அறுக்கணும்னாருண்ணா. ரெண்டு நாளா வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து வாசலைப் பார்ப்பாரு" என்றாள் உன் மனைவி. பிறகு தயங்கி, "செவ்வாக்கிழமையே உங்களுக்கு எழுதினாரே, பாக்கலியா?" என்று கேட்டாள்.

போனை எடுத்துத் தேடத் தைரியம் வரவில்லை.

தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை உன்னை எரித்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உன் வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது கட்டு வந்தது. அதில் ஒரு வரி: "நண்பர்: பலாப்பழம் பழுத்துவிட்டது. வியாழன் சிறிய ஆபரேஷன். அவசரமில்லை."

உன் முழு மடலை அப்புறம் படித்தேன். கடை மெஷின் மறுபடி மக்கர் பண்ணுவது, பண்ருட்டி மாமா பழம் கொடுத்தனுப்பியது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில்: "வியாழக்கிழமை சின்னதா ஒரு ஆபரேஷன். பயப்பட ஒன்னுமில்லையாம். அதுக்கு முன்னாடி வந்தீன்னா சேர்ந்து அறுக்கலாம். அவசரமில்ல மச்சான், உனக்கு முடிஞ்சா." நீ பயந்திருக்கிறாய். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரிந்திருக்கும். சிதம்பரம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் வந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், காறித் துப்பு. அந்தப் புரோகிராமை ஆபீசில் மெச்சினார்கள். இப்போது எங்கள் டீம் முழுக்க அதைத்தான் வைத்திருக்கிறது. என்னால் அழிக்க முடியவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றினேன். அவசரமில்லை என்று யார் எழுதினாலும் அது சுருங்காமல், முழுசாக, எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும்.

மேலாளர் அதைப் பிழை என்று என் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். "அவசரமில்லாதது ஏன் முதல்ல வருது? எப்ப சரி பண்ணுவீங்க?" என்று வாராவாரம் கேட்கிறார்.

பார்க்கிறேன் சார், அவசரமில்லையே என்கிறேன்.